பெரிய லேத் வாங்கலாமா? கடைசல் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல நெறைய பேரு ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கீங்க, மரம் கடையுறதுக்குக் கையில இருக்கற சின்ன லேத்தை விட்டுட்டுப் பெருசுக்கு மாறலாமான்னு. அதனால முதல் கேள்விக்கு நீளமாவே எழுதிட்டேன், மத்ததுக்கு மிச்சம் இருக்கற இடத்துல.

கேள்வி: அண்ணே, நான் மண்டபத்துல ஐஸ் கம்பெனியில வேலை பாக்குறேன். ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும்தான் கடைசல். மூணு வருசமா 10 இன்ச் மினி லேத் வச்சிருக்கேன், அரை எச்பி, எடை 38 கிலோ. பம்பரம், மத்து, பூரிக்கட்டை, சின்னக் கிண்ணம் எல்லாம் பண்ணியாச்சு. போன மழையில எங்க தெருவுல ஒரு வாகை மரம் சாஞ்சுச்சு, அதுல ரெண்டு துண்டு வாங்கிப் போட்டிருக்கேன். எங்க அப்பத்தா உப்பும் ஊறுகாயும் போட்டு வச்சிருந்த மாதிரி, ஆனா பெருசா, 14 இன்ச்ல ஒரு மரவை, அதான் மரக்கிண்ணம், கடையணும்னு ரொம்ப நாள் ஆசை. இப்ப என்னடான்னா 9 இன்ச் கட்டை மாட்டினாலே லேத் மேசையோட சேந்து நடக்குது, உளியை வச்சா மோட்டார் நின்னுருது. 16 இன்ச், 2 எச்பி, 42 இன்ச் நீளம்னு ஒன்னு பாத்து வச்சிருக்கேன். வீட்டுல "இருக்கறதை வச்சுப் பண்ண முடியாதா"ன்னு கேக்குறாங்க. வாங்கலாமா?
– மண்டபம் வாசகர்

பதில்: தம்பி, வீட்டுல கேட்டது சரியான கேள்வி, அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். 14 இன்ச் மரவை உங்க லேத்துல முடியாது, அதுல சந்தேகமே இல்ல. 10 இன்ச் லேத்துன்னா பெட்டுக்கு (லேத்தோட நீளமான அடிப்பாகம்) மேல சுத்துற கட்டையோட விட்டம் 10 இன்ச்சைத் தாண்டக்கூடாதுன்னு அர்த்தம். ஆனா 9 இன்ச் கட்டைக்கே மோட்டார் நிக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அது லேத்தோட குத்தமா இல்லாமலும் இருக்கலாம். புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதை மட்டும் செஞ்சு பாருங்க.

ஹெட்ஸ்டாக் (கட்டையைச் சுத்துற தலைப்பகுதி) மூடியைத் திறந்து பெல்ட் எந்தப் புல்லியில ஓடுதுன்னு பாருங்க. நெறைய பேரு வாங்கின அன்னைக்கு இருந்த புல்லியிலேயே வருசக்கணக்கா ஓட்டுறாங்க, வேகத்தைக் குறைக்கணும்னா குமிழைத் திருப்புறதோட சரி. மினி லேத்துல இருக்கற டிசி மோட்டாருக்குக் குமிழைக் குறைச்சா வேகத்தோட சேந்து பவரும் குறையும். அரை எச்பின்னா 373 வாட். 3200 ஆர்பிஎம் (நிமிசத்துக்கு இத்தனை சுத்து) வரைக்கும் போற புல்லியில பெல்ட்டைப் போட்டுட்டு குமிழை 700க்கு இறக்குனீங்கன்னா உளிக்கு முன்னாடி வந்து நிக்கிறது சுமாரா 80 வாட்தான், கட்டை நிக்காம என்ன செய்யும்? அதே 700ஐ, 1000 ஆர்பிஎம் வரைக்கும் மட்டும் போற மெதுவான புல்லியில வச்சா 260 வாட் கிடைக்கும். அதே மோட்டாரு, அதே கரண்டு, இழுப்பு மட்டும் மூணு மடங்குக்கு மேல. பெல்ட்டை மாத்த ஒரு நிமிசம் ஆகும்.

அடுத்தது ஆட்டம். விட்டத்தை இன்ச்ல எடுத்து ஆர்பிஎம்மால பெருக்குனா 6000த்துக்கும் 9000த்துக்கும் நடுவுல வரணும், மரம் கடையுறவங்க ரொம்ப காலமா வச்சிருக்கற கணக்கு இது. 9 இன்ச் கட்டைக்கு 670ல இருந்து 1000 வரைக்கும். அதுவும் கட்டை உருண்டையாகி சமநிலைக்கு வந்ததுக்கு அப்புறம்தான், முரட்டுக் கட்டையா இருக்கறப்ப அதுக்கும் கீழேதான் தொடங்கணும். ஒரு பக்கம் கனமா இருக்கற கட்டை சுத்தும்போது ஆட்டுற விசை வேகத்தோட வர்க்கமா ஏறும், 400ஐ 800 ஆக்குனா ஆட்டம் ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. அதனால லேத்துல மாட்டுறதுக்கு முன்னாடியே மூலையெல்லாம் ரம்பத்துல அறுத்து முடிஞ்ச அளவுக்கு வட்டமாக்கிருங்க. மேசைக்கு அடியில ஒரு தட்டு அடிச்சு 60, 70 கிலோவுக்கு மணல் மூட்டை வைங்க, ஆனா கடற்கரை மணல் வேண்டாம் தம்பி, அதுல இருக்கற உப்பு ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், ஆறு மாசத்துல ஸ்டாண்டோட காலைத் தின்னுரும். எம் சாண்ட் போதும், காயவச்சு பிளாஸ்டிக் சாக்குல கட்டி வைங்க.

இதெல்லாம் செஞ்சா உங்க சின்ன லேத்துல 8, 9 இன்ச் நிம்மதியா வரும். அதோட உளியையும் பாருங்க. மொட்டையான உளியை வச்சு அழுத்துறவங்களுக்கு 2 எச்பி குடுத்தாலும் மரம் பிய்யத்தான் செய்யும்.

இப்ப 14 இன்ச்சுக்கு வர்றேன். ஆசைப்பட்டுட்டீங்க, மரமும் கையில இருக்கு, மூணு வருசம் கை பழகியிருக்கு, வாங்குங்கன்னுதான் சொல்வேன். ஆனா 16 இன்ச்சு, 42 இன்ச்சுன்னு விளம்பரத்துல இருக்கற ரெண்டு நம்பரையும் பாத்து முடிவெடுக்காதீங்க. நீங்க காசு குடுக்க வேண்டியது எடைக்கும், மெதுவா சுத்தும்போது வர்ற இழுப்புக்கும்தான். 14 இன்ச் விட்டம், 5 இன்ச் கனத்துல பச்சை வாகைக் கட்டைன்னா 12 கிலோவுக்குக் குறையாது. அந்த 12 கிலோ கோணல்மாணலா சுத்தும்போது அதைத் தாங்குறது இன்ச்சு இல்ல, வார்ப்பிரும்புதான்.

எனக்கு இதைக் கத்துக்குடுத்தது ஒரு தப்பான கொள்முதல். நானும் சின்ன லேத்துல இருந்து மாறும்போது 14 இன்ச், 40 இன்ச் நீளம், விலையும் கம்மின்னு ஒன்னை வாங்கிட்டு வந்தேன். பெட்டு வார்ப்பு இல்ல, ரெண்டு குழாய், கால் தகட்டுல மடிச்சது, மொத்தமே 60 கிலோதான். தேவிபட்டினத்துல ஒரு தோப்புல வெட்டிப் போட்ட பூவரசுல 12 இன்ச் கட்டையை மாட்டி ஓட்டினேன், 400 ஆர்பிஎம்தான். குழாய் ரெண்டும் வீணைக் கம்பி மாதிரி அதிருது, உளியைத் தாங்குற டூல் ரெஸ்ட்டைத் தொட்டா விரல் கூசுது, உளி மரத்துல படுறப்ப ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தட்டு, மரத்து மேல பூராவும் மீன் செதில் மாதிரி அலை அலையா விழுந்துருச்சு. சாணை பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தேன், உளியில எந்தக் குத்தமும் இல்ல, பெட்டுதான் வளையுது. அந்தக் கிண்ணத்தை உப்புத்தாள் போட்டே ரெண்டு நாள் தேச்சேன். அடுத்த மழைக்குள்ள லேத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுட்டேன்.

அதனால கடைக்குப் போனா முதல்ல கேக்க வேண்டியது எடை எத்தனை கிலோன்னு. 16 இன்ச் லேத்து நல்லதா இருந்தா ஸ்டாண்டோட சேத்து 150 கிலோவுக்கு மேல இருக்கும். ரெண்டாவது, குறைஞ்சபட்ச வேகம் என்ன. 14 இன்ச்சுக்குக் கணக்குப்படி 430ல இருந்து 640, ஆனா முரட்டுக் கட்டையைத் தொடங்க 200, 150க்கு இறங்கணும். 500க்குக் கீழே வராத லேத்தை 16 இன்ச்சுன்னு வித்தா வாங்காதீங்க, அந்த அளவு கட்டையை அதுல பத்திரமா தொடங்கவே முடியாது. மூணாவது நீளம். கிண்ணம், மரவை கடையுறவருக்கு 42 இன்ச் எதுக்கு? கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படிக் கைப்பிடித் தூண்னு செய்றவங்களுக்குத்தான் அது. 20, 24 இன்ச் பெட்டு போதும், அதே காசுக்குக் கனமான மெஷின் கிடைக்கும், உங்க ஷெட்டுலயும் நடமாட இடம் இருக்கும்.

நேர்ல பாக்கும்போது ஹெட்ஸ்டாக்குலயும், எதிர்முனையில தாங்குற டெயில்ஸ்டாக்குலயும் கூர்முனை சென்டர் மாட்டி ரெண்டையும் கிட்ட கொண்டு வாங்க, முனையோட முனை முத்தம் குடுக்குற மாதிரி நேரா வரணும். அப்புறம் ஸ்பிண்டிலை, அதான் கட்டையைச் சுத்துற தண்டை, கையால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, ஆட்டம் தெரிஞ்சா பேரிங் போயிருச்சு. பழசு வாங்குறதுல எனக்கு மறுப்பே இல்ல. கோயம்புத்தூர்ப் பக்கம் ஃபவுண்டரிக்கு மரப் பேட்டர்ன் (வார்ப்புக்கான மர மாதிரி) செய்ற பட்டறைகள்ல கனமான மர லேத்து வச்சிருப்பாங்க, அப்படி ஒன்னு விலைக்கு வந்தா புதுசைவிட நல்லது. பெட்டு மேல மேலோட்டமா செந்துருவா இருந்தா தேச்சுக்கலாம், குழி விழுந்திருந்தா விட்டுருங்க.

வச்சிருக்கற பணம் பூராவையும் லேத்துல போட்டுறாதீங்க. மூணுல ஒரு பங்கை ஒதுக்குங்க, நல்ல ஃபேஸ்பிளேட்டு, அரை இன்ச் எச்எஸ்எஸ் (கடினமான எஃகு) பவுல் கவுஜ், அதாவது கிண்ணம் குடையுற உளி, 8 இன்ச் கிரைண்டர், முகம் பூரா மறைக்கிற ஷீல்டு. பச்சைக் கட்டையை முதல்ல ஃபேஸ்பிளேட்டுல திருகு போட்டுத்தான் மாட்டணும், தாடையால கவ்வுற சக் இருக்கே, அதை நம்பாதீங்க. கட்டில் கால் உருட்டுற ரஃபிங் கவுஜை, அந்த அகலமான உளியை, மரவைக்குள்ள விட்டுறவே விட்டுறாதீங்க, அதோட வால் மெல்லிசு, மரம் கவ்வுனா பட்டுன்னு ஒடிஞ்சு மூஞ்சிக்கு வரும். சுவிட்ச் போடுறப்ப கட்டைக்கு நேரா நிக்காம ஒதுங்கி நில்லுங்க. கைலியைக் கழட்டிட்டு பேண்ட்டு போட்டுக்கிட்டு வேலை செய்ங்க.

லேத்தோட உயரம் ஸ்பிண்டில் சென்டர் உங்க முழங்கைக்கு நேரா வர்ற மாதிரி. ஷெட்டுக்குத் தரை மணலா இருந்தா லேத் வர்றதுக்கு முன்னாடியே காங்கிரீட் போட்டுருங்க.

அந்த வாகையை லேத் வர்ற வரைக்கும் சும்மா போட்டு வைக்காதீங்க, இன்னைக்கே ரெண்டு முனையிலயும் மெழுகை உருக்கித் தடவுங்க, இல்லாட்டி நடுவுல இருந்து நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். முதல் தடவை கடையுறப்ப விட்டத்துல பத்துல ஒரு பங்கு கனம் விடணும், 14 இன்ச்சுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை இன்ச். அதோட சுருளைப் போட்டே சாக்குல மூடி வச்சு மாசம் ஒருக்கா எடை போட்டு எழுதி வைங்க. எடை இறங்குறது எப்ப நிக்குதோ அப்பதான் ரெண்டாவது கடைசல். வாகைத் தூசி தும்மலைக் கிளப்பும், மாஸ்க் இல்லாம உப்புத்தாள் போடாதீங்க.

கேள்வி: சார், நான் தேவிபட்டினத்துல டீச்சரா இருக்கேன். எங்க வீட்டுல சிங்கிள் ஃபேஸ்தான். ஒருத்தர் கிட்ட பழைய லேத் இருக்கு, அதுல 2 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார். அதை ஓட்ட முடியுமா? நம்ம ஊர் உப்புக்காத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் தாங்குமான்னும் பயமா இருக்கு.

பதில்: ஓட்டலாம் டீச்சர், நல்லாவே ஓட்டலாம். சிங்கிள் ஃபேஸ் உள்ள வாங்கி த்ரீ ஃபேஸா வெளியே குடுத்து, மோட்டார் வேகத்தையும் மாத்துற விஎஃப்டி ஒன்னு வாங்கணும், 2 எச்பி மோட்டாருக்கு 2.2 கிலோவாட் அளவுல எடுத்தா கொஞ்சம் தாராளமா இருக்கும். முதல்ல எலக்ட்ரீசியனை வச்சு மோட்டாரோட டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாக்கச் சொல்லுங்க. உள்ள 6 முனை வெளியே வந்திருந்து, பேர்ப்பலகையில 415 வோல்ட் ஸ்டார்னு இருந்துச்சுன்னா டெல்டாவா மாத்தி 240 வோல்ட்டுல ஓட்டிரலாம். 3 முனைதான் இருக்குன்னா ரீவைண்டிங் கடையில உள்ள பிரிச்சு எடுக்கணும், அதுக்கும் சேத்து விலை பேசுங்க. விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல சுவிட்ச் எதுவும் வைக்கக் கூடாது, ஓட்டுறதும் நிறுத்துறதும் விஎஃப்டியோட கன்ட்ரோல் முனையில இருந்துதான். ஸ்டெப் புல்லியையும் கழட்டிப் போட்டுறாதீங்க. விஎஃப்டியில மட்டும் வேகத்தை ரொம்ப இறக்குனா மோட்டாரோட சொந்த ஃபேனும் மெதுவாகி சூடேறும்.

உப்புக்காத்துக்கு நீங்க பயப்படுறது நியாயம். என்னோட ஒரு லேத்துல கன்ட்ரோல் போர்டு முதல் வாடைக்காத்துக்கே செத்துப்போச்சு. மூடியைக் கழட்டிப் பாத்தா செம்புக் கோடெல்லாம் பச்சை பச்சையாப் பூத்துக் கிடக்கு, ஒரு கோடு நடுவுல அந்து போயிருந்துச்சு, விரலால தொட்டா மாவு மாதிரி ஒட்டுது. வித்த கடைக்காரர் ஃபோனையே எடுக்கல. போர்டு வைக்கிற இடம் தப்புன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுச்சு, லேத்துக்கு அடியில, மரத்தூளும் ஈரக்காத்தும் நேரா போற இடத்துல இருந்துச்சு. இப்ப என் விஎஃப்டி வீட்டுக்குள்ள சுவத்துல, ரப்பர் விளிம்பு வச்ச பெரிய இரும்புப் பெட்டியில இருக்கு, லேத்துக்கு வயர் மட்டும்தான் போகுது. பெட்டி பெருசா இருக்கணும், சின்னதுன்னா சூடு வெளியே போகாது. எர்த் ரொம்ப முக்கியம், நம்ம ஊர்க் காஞ்ச மணல்ல எர்த் சரியா பிடிக்காது, கோடையில குழிக்குத் தண்ணி ஊத்தி வைங்க.

கேள்வி: 10 இன்ச் லேத்துக்கு வாங்கின நாலு தாடை சக் என்கிட்ட இருக்கு. பெரிய லேத்துக்கு மாறுனா அதைத் தூக்கிப் போடணுமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: வேண்டாம். சின்ன லேத்துகள்ல பெரும்பாலும் 1 இன்ச், இன்ச்சுக்கு 8 மரை. பெருசுல எம் 33, இல்லாட்டி ஒன்னேகால் இன்ச் 8 மரை வரும். உங்க சக்குக்குப் பின்னாடி தனியா கழட்டுற இன்சர்ட் இருந்தா அதை மட்டும் மாத்துனா போதும். நேரா சக்குலயே மரை வெட்டியிருந்தா அடாப்டர் வாங்கணும், ஆனா அடாப்டர் போட்டா சக் முன்னாடி தள்ளி நிக்கும், ஆட்டம் கொஞ்சம் கூடும், சின்னக் கிண்ணத்துக்குப் பரவாயில்ல, 14 இன்ச்சுக்கு வேண்டாம். எம் 33ன்னு மட்டும் சொல்லி வாங்காதீங்க, பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி) 3.5 மில்லிமீட்டரான்னு அளந்து பாருங்க. உள்ளூர் இரும்பு லேத் பட்டறையில அடாப்டர் கடைஞ்சு வாங்குறதா இருந்தா, ஸ்பிண்டில் தோள்ல உக்காரற முகத்தையும் மரையையும் ஒரே பிடியில, இரும்பைக் கழட்டாம கடையச் சொல்லுங்க, இல்லாட்டி சக் நேரா நிக்காது.

கேள்வி: புது லேத்தோட பெட்டு ஒரு வாரத்துலயே துரு. கடல்ல இருந்து எங்க வீடு கூப்பிடு தூரம். தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– தொண்டி வாசகர்

பதில்: தேங்காய் எண்ணெய் நாள்பட்டா பிசுபிசுன்னு ஆயிரும், தூள் பூராவும் அதுல ஒட்டும். தையல் மிஷின் எண்ணெய் மெல்லிசா தடவி, அது மேல இல்லாட்டி அதுக்குப் பதிலா பேஸ்ட் வேக்ஸ் போட்டுத் துணியால பளபளன்னு தேச்சு விடுங்க, டெயில்ஸ்டாக்கும் வழுக்கிக்கிட்டு நகரும். பிளாஸ்டிக் ஷீட்டு போட்டு மூடாதீங்க, விடியக்காலம் உள்பக்கம் வேர்த்து அந்தத் தண்ணி பெட்டு மேலதான் சொட்டும். பழைய பருத்தி வேட்டி போதும். பச்சை மரம் கடைஞ்ச அன்னைக்குச் சுருளைக் கூட்டாம தூங்கப் போகாதீங்க. புளி, கருவேலம் மாதிரி துவர்ப்பு உள்ள மரத்தோட சாறு இரும்புல பட்டா விடியறதுக்குள்ள மையைக் கொட்டுன மாதிரி கருப்பாயிரும். இந்தக் காத்துக்கு 2025ல திறந்த புது பாம்பன் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டிருக்கு, நம்ம லேத்துக்கு வாரம் ஒருக்கா அஞ்சு நிமிசம் ஒதுக்கத்தான் வேணும்.

கேள்வி: பழைய வள்ளம் பிரிச்ச பலகை, கட்டை சும்மாவே கிடைக்குது. கடையலாமா?
– ராமேஸ்வரம் வாசகர்

பதில்: நான் கடைய மாட்டேன். ஆணி உள்ளேயே முறிஞ்சு கிடக்கும், காந்தம் வச்சா இரும்பு ஆணி தெரியும், செம்பு ஆணி தெரியாது. பழைய பெயிண்ட்டுத் தூளும் நெஞ்சுக்குள்ள போகக் கூடாத சரக்கு. பலகையை அலமாரிக்கு வச்சுக்கங்க.

கேள்வி: அண்ணே, எங்க பக்கம் சீமைக்கருவையைத் தவிர வேற மரமே இல்ல. அதைக் கடைய முடியுமா? அதுக்குப் பெரிய லேத் வேணுமா?
– ஏர்வாடி வாசகர்

பதில்: தம்பி, உங்க கேள்வியைப் படிச்சதும் எனக்கு அம்புட்டு சந்தோசம். கரிமூட்டத்துக்குப் போற அந்தக் கட்டையோட வைரத்தை ஒருக்கா கடைஞ்சு பாருங்க, செங்காவி நிறம், ஓரத்துல மஞ்சளா ஒரு வளையம், எண்ணெய் தடவினதும் அப்படியே ஆழமாத் தெரியும். கடினமான மரம், ஆனா காயறப்ப சுருங்குறது கம்மி, மத்த மரம் மாதிரி முட்டை வடிவமா அவ்வளவு கோணாது. அடிமரம் பெரும்பாலும் கோணலாவும் சிறுசாவும்தான் கிடைக்கும், 6, 7 இன்ச் நேரா கிடைச்சாலே பெருசு, அதனால உங்களுக்குப் பெரிய லேத் தேவையே இல்ல. 10 இன்ச் லேத்துல மெதுவான புல்லியில பெல்ட்டைப் போட்டு, அடிக்கடி சாணை பிடிச்சு, மெல்லிசு மெல்லிசா எடுங்க. முள்ளைச் சுத்தமாச் செதுக்கிட்டு கட்டையைத் தூக்குங்க, குத்துனா கை வீங்கும். மூட்டம் போடுறவங்ககிட்ட சொல்லி வச்சீங்கன்னா தடிச்ச அடிமரத்தைத் தனியா எடுத்து வைப்பாங்க. வெட்டின அன்னைக்கே போய் மெழுகு தடவிருங்க, ரெண்டு நாள் வெயில்ல கிடந்தா முனையில வெடிப்பு விட்டுரும்.